சரளைக்கல்லில் ஒரு அந்தியேட்டி

எங்கள் சனத்துக்குச் சமன் மீன், அதுதான் சால்மன், என்றால் டின்னில் வருகிற மீன். அது கடலிலிருந்து ரைன் நதி வழியாக ஏறி, ஐரோப்பாவில் நாங்கள் குடியேறிய ஊரின் சிற்றாற்றுக்கு முட்டையிட வரும் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆறு திருத்தும் வேலை எனக்கு. இங்கே நின்ற கொங்கிரீட் தடுப்பணையை உடைத்து, கரையைச் சரித்து, அடியில் சரளைக்கல் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. போன நவம்பரில்தான் முதல் தடவையாக ஒரு சோடி வந்து, வாலால் கல்லைக் கிளறிக் குழி தோண்டி, முட்டையிட்டு மூடிவிட்டுப் போனது. சுற்றிவரக் கம்பு நட்டு நாடா கட்டினேன்.

அதே மாதம், அப்பா செத்த முப்பத்தோராம் நாள், அவருடைய அந்தியேட்டி. பிண்டம் கரைக்க ஓடுகிற தண்ணீர் வேண்டும். அண்ணன் தேடிப்பிடித்தது அந்த இடத்தைத்தான்.

"அதில இறங்காதேங்கோ அண்ணை, கல்லுக்குக் கீழ முட்டை கிடக்கு. பாலத்தடியில செய்வம்."

"அங்க ஆழம், ஐயருக்கு இறங்க ஏலாது. இங்க எவ்வளவு வடிவாக் கரையைச் சரிச்சு விட்டிருக்கிறாங்கள்! அப்பாவின்ர காரியத்தில மீன் கதை கதைக்காத."

சரித்தது நான். மேலும் பேசினால் செத்தவீட்டுச் சண்டை கனடாவிலுள்ள சொந்தம் வரைக்கும் நாறும். கரையிலேயே நின்றுகொண்டேன்.

ஐயர் நான் நட்ட கம்பிலேயே தன் குளிர் ஜாக்கெட்டைக் கொழுவிவிட்டு இறங்கினார். அண்ணன் வேட்டிக்குக் கீழே றப்பர் பூட்ஸோடு நாடாவைத் தாண்டி இறங்கினார். பின்னால் மச்சான், கைபேசியில் படம் பிடித்தபடி. மூன்று பேரும் குழிக்கு மேலே நின்று கல்லை உழக்கினார்கள். பால் ஊற்றினார்கள். தேசிக்காய்ப் பாதிகள், பூ, கற்பூரத் தட்டு, கடைசியில் அதெல்லாம் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையும் தண்ணீரில் போயிற்று. செத்த மனிதருக்குப் புண்ணியம் தேட இவ்வளவு குப்பை வேண்டுமா?

பிண்டத்தை விட்டதும் நாலைந்து டிரவுட் மீன்கள் விரைந்து வந்தன.

"பாத்தீங்களோ! அவர் ஏற்றுக்கொண்டிட்டார்," என்றார் ஐயர்.

நானும் பார்த்தேன். சோற்றுருண்டை யாரும் தொடாமல் பாலத்துப் பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. மீன்கள் அவர்களின் கால்களைத்தான் சுற்றி நின்றன. பூட்ஸ் அசையும்போதெல்லாம் கல்லிடுக்கிலிருந்து செம்மஞ்சள் முட்டைகள் கிளம்பின. கிளம்பக் கிளம்ப டிரவுட்டுகள் விழுங்கின.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வந்து பார், அப்பா சாப்பிடுறார்."