செவ்வாய்க்கிழமைகளைத் திருடியவன்

என் மனைவியிடம் ஒரு கடிதத்தை மறைத்தேன். அதனால் என் மகளுக்கு வந்திருக்க வேண்டிய பேச்சு வராமல் போயிற்று. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருடம் உமா பிறந்தாள். நான் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. மேல்நோக்கிச் சாய்ந்த சின்னக் கண்கள், துவண்ட கைகால்கள். டவுன் சிண்ட்ரோம் என்றார் டாக்டர். கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்க்க வந்த என் அக்கா, குழந்தையைத் தூக்காமலே பேசினாள்.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது. உங்க பக்கம் யாராச்சும் இருந்திருப்பாங்க, விசாரிச்சுப் பாரு சரோஜா."

என் மனைவி சரோஜா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரமே ஒரு வேண்டுதல் எடுத்துக்கொண்டாள். செவ்வாய்தோறும் விடிந்ததும் குழந்தையோடு வெறுங்காலில் மலையைச் சுற்றுவது! முதலில் இடுப்பில், பிறகு கைபிடித்து. எட்டு லிங்கத்தின் முன்பும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒன்றையே சொல்வாள்: "நான் பண்ண பாவத்துக்கு எம்பொண்ண வதைக்காதப்பா." வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிடும்.

உமாவுக்கு ஆறு வயதானபோது, இத்தகைய குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை எங்கள் ஊரில் சிறு பள்ளி தொடங்கியது. அவர்கள் கற்பித்தார்கள், ஆராயவும் செய்தார்கள். இதயத்தையும் காதையும் சோதித்தார்கள். எங்கள் மூவரிடமும் இரத்தம் எடுத்தார்கள். உமாவுக்குக் காது மந்தம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்று எத்தனை முறை அதட்டியிருக்கிறேன்... பாவி!

அங்கிருந்த நிர்மலா டீச்சரிடம்தான் அவள் பட்டன் போடவும், சோறு பிசைந்து உண்ணவும், படம் பார்த்து எழுத்தறியவும் பழகினாள். தன் பெயரை முதன்முதலாக அடுப்புக்கரியால் சுவரில் எழுதிய வருடம், பொங்கலுக்குக்கூட அந்தச் சுவரை வெள்ளையடிக்க சரோஜா விடவில்லை.

பேச்சு மட்டும் குழைந்தே கிடந்தது. பேச்சுப் பயிற்சி தருபவர் வேலூரிலிருந்து வாரம் ஒரு நாள்தான் வருவார். செவ்வாய்க்கிழமை காலையில்.

"மலை எங்கயும் போயிடாதுங்கம்மா. சுத்தறத வேற கெழமைக்கு மாத்திக்கலாமே" என்று டீச்சர் கேட்டுப் பார்த்தார்.

"பாவம் என்னுது டீச்சர். நேந்துக்கிட்டத மாத்துனா அது இவ தலையிலதானே விடியும்" என்றாள் சரோஜா.

அந்தச் சமயத்தில்தான் இரத்தச் சோதனையின் முடிவு வந்தது. எளிய தமிழில், ஒரே பக்கம். டீச்சர் அதை என் கையில் கொடுத்தார். என் உடலணுவில் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவாம். எனக்கு அதனால் குறையில்லை. அது மகளுக்கு ஒரு பங்கு கூடுதலாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதில் எவர் குற்றமும் இல்லை, தாயாரிடமிருந்து இது வரவில்லை என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள்.

சரோஜாவுக்குப் படிக்கத் தெரியாது. அன்று சாயங்காலம் இரத்தச் சோதனையைப் பற்றிக் கேட்டாள்: "என்னாலதானாங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆம் என்று எடுத்துக்கொண்டாள் என எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டேன்! ஏன்? அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கமா? ஆண்பிள்ளை என்ற வறட்டு கௌரவமா? இவ்வளவு காலமாகக் கேட்டுப் பார்க்கிறேன், இரண்டும்தான். கடிதம் என் சர்வீஸ் காகிதங்களோடு டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

"வீட்ல சொல்லிட்டீங்களா சார்? அப்புறமும் மலை சுத்தறாங்களே" என்றார் டீச்சர்.

"சொல்லிட்டேன். அது பக்தி" என்றேன்.

சில வருடங்களில் வேலூர்க்காரர் வருவது நின்றுபோயிற்று. எத்தனை செவ்வாய்கள்... நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவை அத்தனையும் உமாவுடையவை. அவள் என்னை "ப்பா" என்கிறாள். மலையில் குரங்கைப் பார்த்தேன், அது என்ன செய்தது தெரியுமா என்று அவள் முழுதாகச் சொல்லக் கேட்க வேண்டும். அந்த ஏக்கம் சாப்பிடும்போதும் விடுவதில்லை. ஏங்குவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

இப்போது அவளுக்குப் பதினாறு. டீச்சர் புண்ணியத்தில் பஸ் போர்டு, ரேஷன் கடை அறிவிப்பு எதையும் படிக்காமல் விடமாட்டாள். நேற்றுப் பிற்பகல் டிரங்குப் பெட்டியைக் குடைந்து கடிதத்தை எடுத்தாள். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த சரோஜாவின் அருகில் உட்கார்ந்து, வரியின்மேல் விரல் வைத்து, உரக்கப் படித்தாள்.

வீட்டுச் சொற்களை உமா எப்படிக் குழறினாலும் சரோஜாவுக்குப் புரியும். கடிதச் சொற்கள் புரியவில்லை. எனக்கோ, மனப்பாடமாக இருந்த ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"என்னாங்க படிக்கறா? ஏதோ முக்கியமாட்டம் அழுத்தி அழுத்திச் சொல்றாளே" என்றாள் சரோஜா.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது.

"பழைய ஆபீஸ் காயிதம்" என்றேன்.

உமா என்னைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினாள். விரலை முதல் வரிக்குக் கொண்டுபோய் மறுபடியும் தொடங்கினாள்.

நாளை செவ்வாய்க்கிழமை. சரோஜா வீங்கிய முட்டிகளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.