எண்ணெய் ஊறும் வரை ஒரு கதை

தென்காசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரு மிதி மெஷின் இருந்தது. அப்புறம் முதலாளி, நான். ஈய எழுத்துக் கோப்பது நான். மெஷின் மிதிப்பதும் நான். பேசுவது முதலாளி. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். கல்யாணப் பத்திரிகைக்கும் கோயில் நோட்டீசுக்கும் அது போதும். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தின காலம். காகிதத்துக்குத் தட்டுப்பாடு இல்லை.

கடையம் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். கதை எழுதியிருந்தார். புருஷனோடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணின் கதை. முதலாளி அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். புத்தகமாகப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

நான் பாதிக்கு மேல் கோத்த பிறகு அவருக்குப் பயம் பிடித்தது. கதைப் புத்தகத்தை இந்த ஊரில் எவன் வாங்குவான்? எங்களிடம் இருந்ததும் கொஞ்சம் எழுத்துதான். அதெல்லாம் அந்தப் பெண்ணோடு போய்விட்டது. கல்யாணப் பத்திரிகைக்குக் 'க' போதவில்லை.

"எல்லாத்தையும் பிரிச்சுப் போடுலே" என்றார் என்னிடம்.

கோத்த எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் அறையில் போடுவதுதான் பிரிப்பது. கோப்பதைவிடக் கேவலமான வேலை. நான் அசையவில்லை. அன்றைக்கு வேலை எதுவரை ஆயிற்று என்று பார்க்க வந்திருந்த வாத்தியார் முகம் செத்துப்போயிற்று.

"ஒரு தடவை ஜனங்க முன்னால வாசிச்சுக் காட்டுதேன் அண்ணாச்சி. பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா நானே உக்காந்து பிரிச்சுப் போடுதேன்."

"கடைசிவரைக்கும் உக்காந்தா?"

"நீங்க அச்சடிக்கணும்."

முதலாளி சரி என்றார். கூட்டத்துக்கு ஆகிற செலவும் அச்சகத்தினுடையது என்றார். செலவு தன்னுடையது என்று ஆனதும் அவருக்கு அதில் ருசி வந்துவிட்டது. கூட்டம் நிறைய வேண்டும் என்றார்.

ஆனி மாதம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஊரில் ஆளே இல்லை. எல்லாரும் குற்றாலத்தில்.

"குத்தாலத்துக்கு வாறவன் எண்ணெயைத் தேச்சுட்டு என்னலே செய்யுதான்?" என்று கேட்டார்.

"ஊறட்டும்னு உக்காந்திருக்கான்."

"சும்மாதானே உக்காந்திருக்கான்?"

"சும்மாதான்."

"அந்தச் சும்மாவுக்குள்ள கதையை விடுவோம்."

செக்கு வைத்திருந்த வியாபாரி ஒருவர் ஒரு டின் நல்லெண்ணெய் கொடுத்தார். பதிலுக்குப் புத்தகத்தின் பின்அட்டையில் அவர் விளம்பரம். சீயக்காய் அச்சகக் கணக்கு. நோட்டீஸ் நான் அடித்தேன். எதைப் பெரிய எழுத்தில் போடுவது என்று முதலாளி சொல்லவில்லை. 'எண்ணெய், சீயக்காய் இலவசம்' என்பதைப் பெரிதாகப் போட்டேன். கதை வாசிப்பு என்பதை அடியில் சின்னதாகப் போட்டேன். கூட்டம் வேண்டும் என்றுதானே சொன்னார்.

எண்ணெய் காய்ச்சியது என் வீட்டில். மிளகு போட்டால் சளி பிடிக்காது என்றாள் என் மனைவி. எவ்வளவு என்று சொல்லவில்லை. ஊருக்கே சளி பிடிக்காமல் இருக்கட்டும் என்று தாராளமாகப் போட்டேன்.

பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு சத்திரத்தில் கூட்டம். வாசலில் வைத்து முதலாளி இரண்டு உத்தரவு போட்டார். எனக்கு: கதை முடிகிறவரை சீயக்காய் மூட்டையை அவிழ்க்கக் கூடாது. வாத்தியாருக்கு: கடைசி அத்தியாயத்தை வாசிக்கக் கூடாது.

"ஏன் அண்ணாச்சி?"

"முடிவு வேணும்னா புஸ்தகம் வாங்கட்டும்வே."

வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

கூட்டம் நெருக்கியடித்தது. எல்லாரும் இடுப்பில் ஒரு துண்டோடு. எண்ணெய் தேய்த்துவிட இரண்டு ஆள் போட்டிருந்தார் முதலாளி. அவர்கள் ஒவ்வொரு மண்டையாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் அத்தியாயம் அந்தச் சத்தத்திலேயே போயிற்று. முதலாளி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தோளில் சரிகை நேரியலுமாக முன்னால் நாற்காலியில் இருந்தார். அந்த மண்டபத்தில் எண்ணெய் படாத இடம் அது ஒன்றுதான். நான் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் பெண் வீட்டைவிட்டு இறங்குகிற இடம் வந்தது. எண்ணெயும் கண்ணுக்கு இறங்கியது. ஒவ்வொருத்தராகக் கண்ணைத் துடைத்தார்கள். மூக்கை உறிஞ்சினார்கள். வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது. முதலாளி எழுந்து என்னிடம் வந்து குனிந்தார்.

"பாத்தியாலே, அழுதானுவ."

"மிளகு, மொதலாளி."

"வாயை மூடு."

அச்சன்புதூரில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். பெரிய உடம்பு. நாலு பேர் எண்ணெய் அவர் ஒருத்தருக்கே ஆகியிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, "அந்தப் புருஷன்காரன் என் கையில கிடைச்சான்னா..." என்று பல்லைக் கடித்தார். அது மிளகு இல்லை.

அந்தப் பெண் பக்கத்து ஊர் வரை போய், அங்கே ஒரு மரத்தடியில் நின்று, திரும்பிப் பார்த்தாள். வாத்தியார் நோட்டை மூடினார்.

முதலாளி எழுந்து கும்பிட்டார். "மிச்சம் புஸ்தகத்துல வரும். எல்லாரும் வாங்கி ஆதரிக்கணும்."

கதை முடிந்தது என்று நான் மூட்டையை அவிழ்த்தேன். சீயக்காய் வாசம் மண்டபம் பூராவும் போயிற்று. அருவிச் சத்தம் வெளியே கேட்டது. ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை.

"வீட்டுக்கு வந்தாளா இல்லையா?" என்றார் சம்சாரி.

"அதான் புஸ்தகத்துல..."

"புஸ்தகம் எப்போ வரும்?"

"ஐப்பசிக்குள்ள வந்துரும்."

"அதுவரைக்கும் எண்ணெயோடயா இருக்கச் சொல்லுதீரு?"

பின்னாலிருந்து ஒருத்தர், "அண்ணாச்சி உடம்புல மட்டும் எண்ணெய் படலை. அதான் அவாளுக்கு நம்ம கஷ்டம் தெரியலை" என்றார்.

"வாங்கலே, அண்ணாச்சியை ஒருவாட்டி கட்டிப்பிடிச்சுக்கிடுவோம்" என்று சம்சாரி எழுந்தார். கையை விரித்துக்கொண்டு முன்னே நடந்தார். அவர் பின்னால் மண்டபமே எழுந்தது. பளபளவென்று வந்தார்கள்.

முதலாளி நாற்காலியைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டார். பின்னால் சுவர். "நேரியல்! நேரியல்! வே வாத்தியாரே, வாசியும்வே!" என்று கத்தினார்.

வாத்தியார் அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டார். அவ்வளவு வேகமாக ஒரு மனுஷன் நோட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் நின்றபடியே கேட்டார்கள். அவள் திரும்பி வந்தாள். சம்சாரி பெருமூச்சு விட்டார். "நல்லா இருடே வாத்தியாரே" என்றார். அதன் பிறகுதான் சீயக்காய்க்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபம் காலி. தரையில் வழுக்காமல் நடக்க முடியவில்லை.

திரும்பும்போது வண்டியில் முதலாளி உர்ரென்று இருந்தார். வாத்தியார்தான் பேச்சை எடுத்தார்.

"கடைசிவரைக்கும் உக்காந்தாங்களே அண்ணாச்சி."

"சீயக்காய்க்காக உக்காந்தானுவ."

வாத்தியார் என்னைப் பார்த்தார். கடைசியில் பக்கங்களைப் பிரித்துப் போடுகிற வேலை என் தலையில்தான் விழும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மூட்டையை அப்பவே அவுத்துட்டேன் மொதலாளி. ஒருத்தனும் வரலை" என்றேன்.

"உன்னை யாருலே கேட்டா?"

வண்டி இலஞ்சி தாண்டியது. அப்புறம் முதலாளி சொன்னார்: "அச்சடிக்கேன். சொன்ன சொல்லு மாற மாட்டேன். ஆனா முடிவு இன்னிக்கு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. வேற முடிவு எழுதும்."

வாத்தியார் குதிப்பார் என்று பார்த்தேன். குதிக்கவில்லை. மழையையே பார்த்துக்கொண்டு வந்தார். தென்காசிக் கோபுரம் தெரிகிற இடத்தில், "அவ வராம இருந்தா?" என்றார்.

"நல்லா இருக்கும்" என்றார் முதலாளி.

அப்படியே எழுதிக் கொடுத்தார். கோத்தேன், அடித்தேன். புத்தகம் வந்தது. விற்கவும் செய்தது.

ஒருநாள் அந்தச் சம்சாரி அச்சகத்துக்குள் வந்தார். கையில் புத்தகம். கடைசிப் பக்கத்தை விரித்து முதலாளி முன்னால் போட்டார்.

"படிக்கத் தெரிஞ்ச பயலை விட்டு வாசிக்கச் சொன்னேன். அவ வீட்டுக்கு வரலைங்கான். அன்னிக்கு வந்தாளே! நான் என் காதால கேட்டேனே!"

முதலாளி பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கம்பாசிட்டர் தப்பாக் கோத்துட்டான் அண்ணாச்சி."

நான் கோக்கிற குச்சியில் எழுத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. சம்சாரி என் பக்கம் வந்து நின்றார்.

"ஒரு பொம்பளையை வீடுவந்து சேரவிடாமப் பண்ணிட்டியேலே" என்றார். "உனக்கும் அக்கா தங்கச்சி இருக்காள்லா?"

இருக்கிறார்கள் என்றேன்.