அறையைக் காலி செய்த வாரம்

பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி இயக்குநராக நான் சேர்ந்தபோது, அந்தத் துறை நான்கு ஆண்டுகளாகத் தலைமை இல்லாமல் கிடந்தது. அதற்கு முன் நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்திருந்தேன். அங்கே என் கையில் இருந்தது ஒரே ஒரு கைப்பந்து அணி. நல்ல அணி. அந்தத் தைரியத்தில்தான் விண்ணப்பம் போட்டேன். நியமன ஆணையைக் கொடுத்த அலுவலக உதவியாளர், "கிரவுண்டப் பாத்துட்டீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போய்ப் பார்த்தால், மைதானத்தில் பாதியைப் பேருந்துகள் நிறுத்த எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதியில் வேலிக்காத்தான் தலை உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஓடுதளம் இருக்க வேண்டிய இடத்தில் டயர் தடம் பள்ளமாக ஓடியது. மைதானத்தை ஒட்டித் துறைக்கென்று இருந்தது இரண்டு அறைகள். ஒன்று இயக்குநர் அறை, உள்ளேயே கழிப்பறை உண்டு. மற்றது சாமான் அறை. அதில் பழைய விடைத்தாள் கட்டுகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் எங்கோ ஈட்டியும் குண்டும் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஆனால் ஒரு மூலையில், செடியெல்லாம் வெட்டிச் சுத்தமாக, ஒரு கைப்பந்து ஆடுகளம் இருந்தது. சுண்ணாம்புக் கோடு அன்று காலையில் போட்டதுபோல வெள்ளையாக இருந்தது. கோடு போடுகிற ஊழியரை எங்கள் துறையில் மார்க்கர் என்போம். இங்கே இருந்த மார்க்கர் மல்லசமுத்திரத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஊரில் கொஞ்சம் கடலைக்காடு வைத்திருந்தார். நான்கு வருடமாக யாரும் விளையாட வராத களத்துக்கு வாராவாரம் திங்கட்கிழமை கோடு போட்டுக்கொண்டிருந்தாராம்.

"எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"யாராச்சும் வந்தா வேணுமில்லீங்க" என்றார்.

அந்த ஒரு பதிலில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நாங்கள் இருவருமாக வேலையைத் தொடங்கினோம். பேருந்துகளை வேறு இடத்துக்கு மாற்ற எட்டு மாதம் நடந்தேன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த பழைய மாணவர் ஒருவர் முள்ளை அள்ள ஜேசிபி அனுப்பினார். செம்மண் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டினோம். இரண்டாவது வருடம் ஓடுதளம் முழுதாக வந்தது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அதை ஒரு சுற்று நடந்து பார்க்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. பெருமைதான்.

அந்த வருடம்தான் முதல்முறையாகப் பெண்கள் கோ-கோ அணி எடுத்தோம். இணைப்புக் கல்லூரிகளிலிருந்து தேர்ந்தெடுத்த பதினைந்து பெண்கள் மூன்று வாரப் பயிற்சிக்கு வந்து மாணவியர் விடுதியில் தங்கினார்கள். விடுதி மைதானத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அதிக தூரம். காலையில் வந்தால் மதியச் சாப்பாட்டையும் மைதானத்திலேயே முடித்துக்கொண்டு, இருட்டுமுன் திரும்புவார்கள்.

அவர்களில் எடப்பாடியிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். வணிகவியல் இரண்டாம் ஆண்டு. அப்பா விசைத்தறிக் கூடத்தில் வேலை. ஒல்லியான உடம்பு, ஆனால் ஓடும்போது களத்தின் முனையில் நட்ட கம்பத்தைச் சுற்றி அவள் திரும்புகிற வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பயிற்சியின் ஐந்தாம் நாள் மதியம், மாசி வெயிலில், அந்தக் கம்பத்தருகிலேயே அவள் உட்கார்ந்தாள். ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்தேன். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள்.

தூக்கிக்கொண்டு பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஓடினோம். செவிலியர் அவள் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "காலையிலிருந்து எத்தனை தம்ளர் தண்ணி குடிச்ச?" என்று கேட்டார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

சாயங்காலத்துக்குள் அவள் அப்பா பஸ் பிடித்து வந்துவிட்டார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. தறிச் சத்தத்திலேயே வாழ்க்கை போனவர் என்பதால் காது கொஞ்சம் மந்தம். அவர் பேச்சும் உரக்கத்தான் வந்தது.

"ஏனுங்க சார், மைதானத்துல தண்ணி வெக்கலீங்களா?"

"மூணு கேன் வெச்சிருக்கறனுங்க. வேணுங்கற மட்டும் குடிக்கலாம்" என்றேன். குரலில் எனக்கே தெரியாமல் ஒரு தற்காப்பு இருந்தது.

அவர் மகள் பக்கம் குனிந்தார். "அப்பறம் ஏஞ்சாமி குடிக்கல?"

அவள் ஏதோ முணுமுணுத்தாள்.

"கேக்கல சாமி. சத்தமாச் சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே சொன்னாள். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகோணுங்கப்பா. கிரவுண்டுல பாத்ரூம் இல்ல. காலைல ஆஸ்டல்ல போனா, சாயந்தரம் ஆஸ்டலுக்கு வந்துதான். நாங்க யாருமே குடிக்கறதில்ல."

மையத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. கூட வந்திருந்த பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. "உங்குளுக்குத் தெரியாதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன். அது உண்மை. பையன்கள் மைதானத்து எல்லையில் மிச்சமிருந்த வேலிக்காத்தான் ஓரமாகப் போய்வருவார்கள். இந்த விஷயத்தில் என் யோசனை அதைத் தாண்டிப் போனதே இல்லை.

மறுநாள் காலையில் மகளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. நான் சொல்லி முடித்ததும், "இது உங்களுக்கு இப்பதான் தெரியுதா?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் தினமும் ஸ்கூலுக்கு ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போறேன் இல்ல? சாயங்காலம் வந்து அதை என்ன பண்ணுவேன்?"

"கறிவேப்பிலைக்கு ஊத்துவ."

"ஏன் ஊத்தறேன்?"

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். வாசல் கேட்டைத் திறந்ததும், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், பாட்டில் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வருவாள். செடிமேல் அத்தனை பிரியம் என்று நினைத்து நான் கேலிகூடச் செய்திருக்கிறேன். அது அவள் நாள் முழுக்கக் குடிக்காத தண்ணீர். அவள் பள்ளியில் டீச்சர்களுக்கென்று கதவுள்ள கழிப்பறை கட்டியது அதற்கு முந்தைய வருடம்தானாம். அதற்குள் பழக்கம் ஆகிவிட்டது, தாகமே எடுப்பதில்லை என்றாள். பாலை இறக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து அவளே சமாதானம் சொன்னாள். "விடுங்க. நானும் சொன்னதில்லையே."

மறுநாள் பொறியாளர் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கையோடு கொண்டுபோனேன். மதிப்பீடு போட்டு, ஒப்புதல் வாங்கி, கட்டி முடிக்க அடுத்த வருடம் ஆகிவிடும் என்றார்கள். நான் திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து வருத்தப்பட்டேன். எதிரிலேயே என் கழிப்பறைக் கதவு இருந்தது. அது என் கண்ணில் பட இன்னும் இரண்டு நாள் ஆயிற்று என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் மார்க்கரைக் கூப்பிட்டு, மேசையைத் தூக்க வேண்டும் என்றேன்.

"எங்கீங்க?"

"சாமான் ரூமுக்கு. இனி இந்த ரூம் புள்ளைங்களுக்கு."

"ஆபீசருங்க வந்தா உங்களப் பாக்கறதுக்கு எங்கீங்க உக்காருவாங்க?"

"ஹர்டில்ஸ் மேல உக்காரட்டுமுங்க."

சிரித்துக்கொண்டே பீரோவின் ஒரு முனையைப் பிடித்தார். விடைத்தாள் கட்டுகளைத் தேர்வுப் பிரிவு முன்பே எடுத்துப் போயிருந்ததால் இடம் இருந்தது. வாசலில் இருந்த என் பெயர்ப்பலகையை நானே கழற்றினேன்.

ஆனால் ஒரு பெண்கூட அந்த அறைக்குள் போகவில்லை. இரண்டு நாள் பார்த்தேன். தண்ணீர் கேனும் அப்படியே இருந்தது. அந்தச் சனிக்கிழமை மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "ஜன்னல்ல வெறும் கண்ணாடி. உள்தாழ்ப்பாள் ஆடுது. துணி மாட்ட ஆணி இல்ல. மூடி போட்ட குப்பைக்கூடை இல்ல. சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான். வந்து கேட்டா குடுப்பேன்."

"உங்ககிட்ட வந்து எந்தப் பொண்ணு கேப்பா?"

அன்று மதியமே மார்க்கர் தாழ்ப்பாளை மாற்றி, ஆணியும் அடித்தார். மனைவி கடைக்குப் போய் ஜன்னலுக்குத் திரை, வாளி, குவளை, கூடை, ஒரு பெரிய முகக்கண்ணாடி எல்லாம் வாங்கி வந்தாள். கண்ணாடி எதற்கு என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். சாவியை அணித்தலைவியிடம் கொடுத்தோம். திங்கட்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் மார்க்கர் என்னிடம் ஓடி வந்தார்.

"தண்ணி கேன் மூணும் காலிங்க சார். இன்னும் ரெண்டு வேணும்." ஏதோ கோப்பை ஜெயித்துவிட்டதுபோலச் சொன்னார்.

எடப்பாடிக்கு, அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவே நான் சொன்னதில் பாதிதான் அவருக்குக் கேட்டிருக்கும். "நான் வந்து பாக்கறனுங்க" என்றார். புதன்கிழமை மகளோடு வந்தார். அறை வாசல்வரை நடந்து வந்தவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா சாமி" என்று மகளை அனுப்பிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு மைதானத்தைப் பார்த்தபடி நின்றார். அவள் வெளியே வந்து தலையாட்டினாள். "செரி. நான் வாரனுங்க" என்று என்னிடம் சொல்லி, மகளை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஒரு தம்ளர் டீக்குக்கூட நிற்கவில்லை. மதிய ஷிப்ட் இருந்தது.

அடுத்த மாதம் துணைவேந்தர் மைதானத்தைப் பார்க்க வந்தார். குண்டுகளுக்கும் வலைகளுக்கும் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும், "என்னங்க இது கோலம்?" என்றார். காரணத்தைச் சொன்னேன். கூட வந்த அதிகாரிகள் என்னை முறைத்தார்கள். துணைவேந்தர் அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு, "என் பொண்ணு ஸ்கூல்ல த்ரோபால் ஆடுவா. பாதியில விட்டுட்டா. ஏன்னு நான் கேக்கவே இல்ல" என்றார். பெண்களுக்கான தனிக் கட்டடத்துக்கு அந்த மாதமே ஒப்புதல் வந்தது.

அந்த வருடம் எங்கள் பெண்கள் கேரளத்தில் நடந்த பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போனார்கள். இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். எடப்பாடிப் பெண் கடைசி நிமிடம்வரை பிடிபடாமல் ஓடினாள்; அப்படியும் ஜெயிக்க முடியவில்லை. எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். அப்புறம் பரோட்டா கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன்.

சேலம் ஜங்ஷனில் இறங்கும்போது காலை ஏழு மணி இருக்கும். நடைமேடையில் அவள் அப்பா நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் தூரத்திலிருந்தே, "எத்தன பேரத் தொட்ட சாமி?" என்று கத்தினார். ரயில் நிலையமே திரும்பிப் பார்த்தது. அவள் வெட்கத்தில் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"தோத்துட்டமுங்கப்பா" என்றாள் பக்கத்தில் வந்து.

"அது போச்சாது போ. காலுல என்ன?"

முழங்காலில் தோல் உரிந்திருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே அவர் குந்தி உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டின் முனையால் காயத்தைச் சுற்றி ஒட்டியிருந்த மண்ணை மெதுவாகத் துடைத்தார். போர்ட்டர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். துடைத்து முடித்துவிட்டு, எழாமலேயே என்னை அண்ணாந்து பார்த்தார்.

"அடுத்தது எப்பங்க சார்?"