ராஜப்பன் காதில் விழக்கூடாத வார்த்தை

ராஜப்பனுக்குக் கோபம் வந்தால் சிப்காட்டில் இருக்கிற அத்தனை கம்பெனிச் சங்கும் தானாக ஊதும். கெலவரப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் திரும்பி அணைக்கே ஏறும். கர்நாடகாக்காரன் எல்லைக் கல்லைப் பிடுங்கி இரண்டடி தள்ளி நட்டுக்கொள்வான். அப்பேர்ப்பட்ட கோபத்தைக் கிளப்ப அவரை யாரும் அடிக்க வேண்டாம், பரம்பரையை இழுத்துத் திட்டவும் வேண்டாம். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்று மரியாதையாகச் சொன்னால் போதும்.

இன்று காலையும் பெங்களூர் பஸ்ஸில் அதுதான் நடந்தது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவதாக ஒரு பலாப்பழத்தையும் அதன் சொந்தக்காரரையும் திணித்துவிட்டு, “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்” என்றார் கண்டக்டர். ராஜப்பன் எழுந்தார், இறங்கினார், வெயிலில் நடந்தார். கம்பெனி கேட்டில் லேட் என்று நிறுத்தினார்கள். லேட்டைப் பொறுத்துக்கொள்வார். அந்த வார்த்தையை மாட்டார்.

நாகரசம்பட்டிக்காரர். ஓசூரில் கடைசல் மெஷின் ஓட்டுகிறார். மீசை ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி இருக்கும்; அந்த வார்த்தை காதில் விழுந்தால் மறு பக்கமும் தூக்கிக்கொள்ளும். “பரவால்ல”, “அப்புறம் என்னா விசேஷம்” இதெல்லாம்கூட அவருக்குப் பிடிக்காதுதான். ஆனால் அவற்றுக்குப் பல்லைக் கடிப்பதோடு சரி. அட்ஜஸ்ட் என்றால்தான் ஆள் இடத்தைக் காலி செய்வார். அவருடைய கல்யாண போட்டோவைப் பார்த்தால் தெரியும். போட்டோக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். போட்டோவில் பெண் இருக்கிறாள், பெண்ணின் அத்தைகள் இருக்கிறார்கள், மாலை போட்ட முதுகு ஒன்றும் இருக்கிறது.

“அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னான்னு தெரியுமாடா?” என்று ஒருநாள் பாடமே நடத்தினார். “சொல்றவன் கால நீட்டிக்குவான். கேக்கறவன் மடக்கிக்கணும். அவ்ளோதான். எங்கயாச்சும் சொல்றவன் மடக்கிப் பாத்திருக்கியா?”

பாகலூர் ரோட்டில் சாந்த் பாஷாவின் லைன் வீட்டில் ஓர் அறை. ராஜப்பன், ஷௌகத் அலி, சென்னப்பன், இதை எழுதுகிறவன் என்று நாலு பேர். ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிப்ட், பாய் மட்டும் இரண்டு. ஒருத்தன் எழுந்த சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தன் படுப்பான். ராஜப்பன் தான் படுக்கும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். இதை எழுதுகிறவன் எட்டாவதோடு நின்றவன் என்றாலும் கணக்கில் புலி. தினமும் அந்தக் கோட்டை அழித்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளிப் போட்டு வந்தான். மாசக் கடைசியில் ராஜப்பன் முட்டியை நெஞ்சோடு சேர்த்துப் படுத்துக்கொண்டு, “ரூமு சுருங்குதாடா, இல்ல நான் வளர்றனா?” என்று கேட்டார். சென்னப்பன் குப்புறக் கவிழ்ந்து பாயைக் கடித்தான்.

அறையில் ஒரு பந்தயமும் ஓடிக்கொண்டிருந்தது. ராஜப்பன் வாயிலிருந்தே அந்த வார்த்தை ஒருநாள் வரும் என்பது இதை எழுதுகிறவன் கட்சி. “அந்தாளு செத்தாலும் சொல்ல மாட்டாரு” என்பது ஷௌகத் கட்சி. தோற்றவன் ஜெயித்தவனின் எண்ணெய்ப் பிசுக்கு யூனிபாரத்தை ஒரு வருஷம் துவைக்க வேண்டும்.

போன வைகாசியில் அந்த நாள் வந்தது.

கோடி வீடு காலியாகப்போகிறது, உனக்குத்தான் என்று சாந்த் பாஷா ராஜப்பனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி ராஜப்பன் ஊருக்குச் சொல்லிவிட, அவர் சம்சாரம் சென்னம்மாள் கைக்குழந்தை, ராகி மூட்டை, கால் கட்டிய கோழி சகிதம் வந்து இறங்கிவிட்டாள். மாமியாரோடு பேசித் தீர்த்துவிட்டு வந்தவள். “இனி அந்த வாசப்படி மிதிச்சா கேளு” என்று இறங்கின இடத்திலேயே சொன்னாள்.

சாந்த் பாஷா மாங்காய் மண்டியிலிருந்து வேட்டியில் கையைத் துடைத்தபடி வந்தார். “ராஜப்பா, கோவிச்சுக்காத. எங்கக்கா மவன் குடும்பத்தோட வந்துட்டான். ஒரு மாசம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்.”

மீசையின் மறு பக்கம் தூக்கியது. ராஜப்பன் வழக்கம்போல ஓரடி நடந்தும்விட்டார். அப்புறம்தான் ராகி மூட்டைமேல் உட்கார்ந்து குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். இறங்கிப் போக இது பஸ் இல்லை. நின்றுவிட்டார்.

அறைக்குள் வந்தார். நாங்கள் மூவரும் இருந்தோம். “கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது,” என்றாள் சென்னம்மாள் வெளியிலிருந்து. “என்னா சொல்றாங்கன்னு கேட்டுட்டு வா. இல்லன்னா நான் எங்கக்கா வூட்டுக்கு அஞ்செட்டிக்குப் போயிடறேன். ஒரேயடியா.”

ராஜப்பன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கதவு நாதாங்கியைப் பார்த்தார். “டேய்... ஒரு மாசந்தான்... நீங்க கொஞ்சம்...” என்றார். தொண்டையைச் செருமினார். “கொஞ்சம்... அ...”

ஷௌகத்தின் முகம் வெளுத்துப்போனது. ஒரு வருஷ எண்ணெய்ப் பிசுக்கு அவன் கண்முன் வந்து நின்றது. இன்னும் நாலு எழுத்துதான் பாக்கி.

“அட என்னாண்ணா நீ!” என்று கத்தினான் இதை எழுதுகிறவன். “நானே சொல்லணும்னு இருந்தேன். எனக்கு இன்னியிலருந்து ஒரு மாசம் நைட் ஷிப்ட். ஆர்டரு குவிஞ்சு கெடக்குது. இவனுங்களுக்கும் அதேதான். இல்லடா ஷௌகத்து?”

“ஆமாண்ணா,” என்றான் ஷௌகத், உயிர் திரும்பி வந்தவனாக. “ரூமு சும்மாதான் கெடக்கும்.”

“மூணு கம்பெனியிலயும் ஒரே நாள்ல நைட் ஷிப்ட்டா?”

“கெவர்மெண்டு ஆர்டருண்ணா.”

“பகல்ல எங்கடா தூங்குவீங்க?”

“பகல்ல எவண்ணா தூங்கறான்?” என்று சொல்லிக்கொண்டே பாயைச் சுருட்டினான் சென்னப்பன்.

அன்று முதல் மூவரும் சாந்த் பாஷாவின் மண்டியில் படுத்தோம். கீழே வைக்கோல், சுற்றிலும் வைக்கோலுக்குள் பழுத்துக்கொண்டிருக்கும் மாங்காய். சாந்த் பாஷாவிடம், இடம் கொடுக்காவிட்டால் பழம் குறையும் என்று மட்டும் சொல்லி வைத்தோம். அவர் உடனே சாவியைக் கொடுத்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் இதை எழுதுகிறவன் சோப்புப் பெட்டியை எடுக்க அறைக்குப் போனான். தலை சீவி, யூனிபாரம் மாட்டி, நைட் ஷிப்டுக்குப் போகிறவன்போலக் கையில் தூக்குச் சட்டியும் வைத்திருந்தான். அறை மாறிப்போயிருந்தது. மூலையில் தூளி ஆடியது, கோழி ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. சென்னம்மாள் அவனை உட்காரவைத்துக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள். பக்கத்தில் ராஜப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வேல ஜாஸ்தியாடா?”

“அய்யோ, கேக்காதண்ணா. ராவெல்லாம் மெஷின் சத்தம். கண்ணு எரியுது.”

ராஜப்பன் இடது கையை நீட்டினார். இவன் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு வைக்கோல் துணுக்கை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை முகர்ந்தார்.

“ஏன்டா, உங்க கம்பெனியில பிஸ்டன மல்கோவா மாதிரி பழுக்க வெக்கிறாங்களா?”

பொய் சொல்வதில் இதுவரை எவனிடமும் தோற்காதவன் அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தான். ராஜப்பன் தன் தட்டிலிருந்து ஒரு பெரிய களி உருண்டையைக் குழம்பில் தோய்த்து, அந்த வாய்க்குள் திணித்தார்.