மெமரி கூட்ட முடியுமா என்று கேட்கப் போனது

என் மனைவி அந்த லேப்டாப்பைத் திட்டி நான் கேட்டதே இல்லை. திரையில் மணல் கடிகாரம் தலைகீழாகப் புரள ஆரம்பித்தால் எழுந்து போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வருவாள். வந்து பார்த்தால் கடிகாரம் இன்னும் புரண்டுகொண்டிருக்கும். குழந்தையைப் பிடித்து உட்காரவைத்துத் தலை வாரிவிடுவாள். நான் தறியில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை திட்டித் தொலைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று தோன்றும். அவள் திட்ட மாட்டாள்.

அவள் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அன்னமும் யாளியும் வரைந்து கொடுத்தால், அதைப் பார்த்து அட்டை குத்தித் தறியில் ஏற்றுவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு டிசைன் சென்டரில் வேலை பார்த்தாள். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். வீட்டிலிருந்தே போடலாம் என்று ஆசைப்பட்டபோது நான்தான் லேப்டாப் என்றேன். நினைத்த நேரத்தில் கரண்ட் போகிற வருஷங்கள் அவை. பேட்டரி இருந்தால் பாதியில் நிற்காது என்பது என் கணக்கு. அதுவரைக்கும் தப்பில்லை.

தப்பு சென்னையில் கடைக்குள் நடந்தது. அவள் ஒன்றின்மேல் கை வைத்தாள். நான் அதற்குப் பக்கத்தில் இருந்த மலிவானதைப் பார்த்தேன். அவள் என் காதருகில் சொன்னாள்.

“இதுல மெமரி கம்மியா இருக்குது. பின்னாடி கூட்டிக்க முடியுமான்னு அவர கேளுங்க.”

கடையில் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தவர் டை கட்டியிருந்தார், பாதிக்குமேல் இங்கிலீஷில் பேசினார். நான் ஏழாவதோடு தறிக்கு வந்தவன். அப்படிப்பட்டவர்களிடம் கேள்வி கேட்க எனக்கு எப்போதும் பயம். அவர் சொல்லும் பதில் எனக்குப் புரியாது, புரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் அவரிடம் கேட்காமல் அவள் பக்கம் திரும்பி நானே பதில் சொன்னேன்.

“அதெல்லாம் கூட்டிக்கலாம்மா.”

பொய் சொல்வதாக அப்போது நினைக்கவில்லை. எங்கள் தறியில் அப்படித்தானே நடக்கிறது? சேலையில் பூ விழவைக்கிறது ஜக்கார்டு பெட்டி; முதலில் சின்னதை ஏற்றி நெய்வோம். பெரிய பூ வேண்டுமென்றால் அதை இறக்கிவிட்டுப் பெரிய பெட்டியை ஏற்றுவோம். அதற்காகத் தறியை எவனும் தூக்கி எறிந்ததில்லை. பின்னால் கூட்டவே முடியாத ஒரு பொருளை ஒருவன் செய்து விற்பான் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அவளே அவரிடம் கேட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் என்னைத் தாண்டிப் பேசக் கூடாது என்று விட்டுவிட்டாள்.

மலிவானதையே வாங்கி வந்தோம். கரையும் சின்னச் சின்னப் புட்டாவும் போடுகிறவரை அது ஓடியது. பிறகு காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி அவளைக் கூப்பிட்டு, கல்யாணச் சேலைக்கு முழு முந்தியும் ஒரே டிசைனாகப் போட்டு சனிக்கிழமைக்குள் காட்டச் சொன்னார். பிடித்துவிட்டால் அந்த சீசன் வேலை முழுவதும் வீட்டுக்கே வரும். இல்லாவிட்டால் அவள் சென்டருக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கிருந்து ஏற்கெனவே ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார்கள். சென்டருக்குப் போனால் காலையில் போய் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வரலாம். குழந்தைக்கு அப்போதுதான் பேச்சு வர ஆரம்பித்திருந்தது.

முந்தி பாதி வளர்வதற்குள் லேப்டாப் உறைந்துபோனது. திரும்பப் போட்டாள், திரும்ப உறைந்தது.

“மெமரி போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. அடியில ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் இருக்கும். பாத்துச் சொல்லுங்க, போன்ல கேக்கறேன்” என்றாள்.

திருப்பினேன். அடியில் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. ஆயுத பூஜைக்குத் தறிக்கால், ஊடை நூலை ஓட்டும் நாடா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது இதற்கும் வைத்திருந்தேன். மூடியின் மேல் வைக்க அவள் விடவில்லை. “உள்ள கீபோர்டுல எறங்கிடப் போவுது” என்றாள். அதனால் திருப்பிப்போட்டு, அதன் பெயர் எழுதியிருந்த வெள்ளைக் காகிதத்தின் மேல் தாராளமாகவே வைத்தேன். பெயர் இருக்கும் இடம்தானே நெற்றி? இப்போது ஈரத் துணியால் துடைத்தேன். சந்தனம் பாதிதான் போனது, எழுத்து மொத்தமும் வந்துவிட்டது.

“இன்னாங்க, நம்பர் தெரியுதா?”

“சந்தனம் தெரியுது.”

அவள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு தாங்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்துவைத்தேன்.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் முன்பு டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு கம்ப்யூட்டருக்கு மாறியவர். அடிப்பக்கத்தைப் பார்த்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாபா இது, லேப்டாப்புக்குச் சந்தனக் காப்பு சாத்தி வெச்சிருக்கற?”

“அவருதான் பட்டரு” என்றாள் இவள்.

“தேங்கா ஒடச்சியா, இல்ல அதுக்குத்தான் இங்க இட்டாந்தியா?”

ஸ்விட்ச் போட்டால் அதுவே தன் பெயரைச் சொல்லும் என்றார். சொல்லவும் செய்தது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இதே பேர்ல ரெண்டு விதமா வந்திருக்குதும்மா. ஒண்ணுல மெமரி கூட்டலாம், ஒண்ணுல முடியாது. தொறந்தாதான் தெரியும். தொறந்தா வாரண்டி போயிடும், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”

“யோசிச்சிக்கினு நாளைக்கு வர்றோம்” என்றேன் நான்.

“தொறங்கண்ணா” என்றாள் அவள்.

கீபோர்டு மொத்தத்தையும் பெயர்த்து எடுத்தார். ஒவ்வொரு திருகாணி கழலும்போதும் என் பல் கூசியது. உள்ளே விளக்கை இறக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டு அவளை அருகில் கூப்பிட்டார்.

“இங்க பாரும்மா. இருக்கற மெமரிய போர்டோடவே பத்தவெச்சிட்டான். பக்கத்துல இன்னொண்ணு சொருவ எடம் விட்டிருக்கான் பாரு, ஆனா சொருவற கிளிப்ப வெக்கல. வெல கொறைக்கணும்ல?”

“அந்தக் கிளிப்ப நீங்க வெக்க முடியாதா?” என்று கேட்டேன்.

“வெக்கலாம். அப்புறம் இது லேப்டாப்பா இருக்குமா, சோப்பு டப்பாவா இருக்குமான்னு எனக்குத் தெரியாது.”

பச்சைத் தகட்டில் அந்த இடம் வரிசையாகப் புள்ளி குத்தி, காலியாக இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரிண்ணா, மூடிடுங்க” என்றாள்.

திரும்பி நடக்கும்போது எங்கள் பிள்ளையார்பாளையம் வரும்வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு பொறுக்காமல் கேட்டேன்.

“எம்மேல கோவமா?”

“அன்னிக்கி கடையில அவருகிட்ட நீங்க கேக்கவே இல்லதான?”

“கேக்கல.”

“தெரியும். பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்.”

“பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல? திட்டியாவது இருக்கலாமே.”

“திட்டினா என்னா ஆவும்? ரெண்டு நாளு சோறு துன்ன மாட்டீங்க. தறியில போய் இழைய அறுத்துக்கினு உக்காந்திருப்பீங்க. அப்புறம் உங்களத் தேத்தணும். எனக்கு முந்தி போடவே நேரமில்லங்க, இதுக்கு நான் எங்க போவேன்?”

குழந்தையை என்னிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். என் கவலை என்னை மட்டும்தான் தின்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள் கோபப்பட வேண்டிய இடத்திலும் நானே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன் என்பது அந்தத் தெருமுனையில்தான் உறைத்தது. தப்பான லேப்டாப்பை வாங்கியது ஒரு தடவை. இது தினம் தினம்.

முந்தியைத் துண்டு துண்டாகப் போட்டுப் பார்த்தாள். சேர்க்கும் இடத்தில் யாளியின் வால் விலகியது. சனிக்கிழமை கடைக்குப் போன் செய்து முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். அடுத்த போன் சென்டருக்கு.

மறுநாள் மதியம் சோறு போடும்போது எதற்கோ ஆரம்பித்தாள். குழம்பில் உப்பு அதிகம் என்றோ என்னவோ நான் சொல்லியிருக்க வேண்டும். கரண்டியைக் கீழே வைத்தாள். கடைசியில் அது வந்தே விட்டது.

“உங்களாலதான். எல்லாம் உங்களாலதான். ஒரு மனுசன் வாயத் தொறந்து ஒரு கேள்வி கேட்டா என்னா கொறஞ்சா போயிடுவான்? எம் பொண்ணு மொத மொத பேசறத இனிமே ஊரே கேக்கும். நான் அங்க ஏசியில உக்காந்துக்கினு எவன் வூட்டு யாளிக்கோ வாலு வரைஞ்சிக்கினு இருப்பேன்.”

மன்னிப்பு கேட்க வாய் வந்தது. கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் அவள் நிறுத்திவிடுவாள். வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்து உருட்டி உள்ளே தள்ளினேன். அவள் திட்டிக்கொண்டே என் தட்டைப் பார்த்தாள். நான் ரசத்துக்குக் கையை நீட்டினேன். ரசத்தை ஊற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து திட்டினாள்.

திங்கள்கிழமை காலை அவள் கிளம்பினாள். குழந்தை கதவைப் பிடித்துக்கொண்டு அழுதது. நான் தறியை விட்டு எழுந்து வந்து அதைத் தூக்கிக்கொண்டேன். வெயிலாயிற்றே, குடை எடுத்தாளா, பஸ் கிடைக்குமா, சாயந்தரம் எத்தனை மணிக்கு வருவாள் என்று எல்லாமே நாக்கின் நுனியில் இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை.

“போய்ட்டு வா” என்றேன்.