பியூலாவின் எண்பத்துமூன்று

முக்கூடல் அப்பாத்துரை வாத்தியாரின் கடைசித் தங்கை மகள் பியூலா. எங்கள் எஸ்றாவுக்கு வாழ்க்கைப்பட்டு ஸ்ரீவைகுண்டம் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. தாய்மாமன்கள் மூன்று பேரும் கணக்கு வாத்தியார்கள். இவளும் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஏழு வருஷமாக டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள்.

படிப்பு என்னவென்று கேட்டால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். இவ்வளவுதான் ஒரு உலோகத் தகடு. அதில் தலைமுடி கனத்தில் இருபத்துநாலு கால்வாய்கள். கால்வாய்ச் சுவரில் வினையூக்கி பூசியிருக்கும். ஒரு பக்கம் மெத்தனால் ஆவியையும் நீராவியையும் விட்டால், சுவரில் பட்டது ஹைட்ரஜனாக மாறி மறுபக்கம் வரும். எவ்வளவு மாறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. தகட்டை அவள் கண்ணால் கண்டதில்லை. அது வெளியூர் ஆய்வகத்தில் இருந்தது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று மாறும் என்றது அவள் கணக்கு. ஆய்வகத்தில் அளந்தால் எண்பத்துமூன்றுதான். மீதி எட்டு எங்கே போனது? மாதக் கடைசிக்குள் காரணம் சொல்லாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும், ஏழு வருஷமும் வீண் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு நாள் இருந்தது. மடிக்கணினியைக் கோயிலுக்கும் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் அசனம். ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பரிமாறுகிறவர்களுக்கு எஸ்றாதான் தலைவன். பியூலா கையில் குழம்பு வாளி. சமையல் கொட்டகை நடுவரிசைகளுக்கு நேராக இருந்தது.

"ஏளா, இலையில ஊத்துமுன்ன ஓடுதியே! உன்னைய எவன் துரத்துதான்?" என்றாள் நடுவரிசையில் ஒருத்தி.

ஓரவரிசையிலிருந்து இன்னொரு குரல்: "ஏ எஸ்றா! இங்கன இருக்கவன்லாம் உபவாசமாலே?"

"எல்லா வரிசைக்கும் ஒண்ணு போலத்தான் வாளி போவுது, சித்தப்பா!"

"நீ சொல்லுத. வாளி வரலையே!"

பியூலா அப்படியே நின்றுவிட்டாள். நடுவரிசையில் வேகமாய்ப் போன வாளிகள் கடைசி இலையைத் தாண்டியும் பாதி நிறைந்தே திரும்பின. ஓரத்துக்கு எப்போதாவது போன வாளி நாலாவது இலையிலேயே காலி. அவளும் எஸ்றாவைப் போலத்தானே நினைத்திருந்தாள், இருபத்துநாலு கால்வாயிலும் ஆவி ஒரே அளவாய்ப் போகும் என்று? நடுவே பாய்கிற ஆவி சுவரில் படாமலேயே வெளியேறினால்?

அந்தப் பக்கம் வந்த சபைப் போதகர் ஐயர் கையில் வாளியைக் கொடுத்துவிட்டு மடிக்கணினியைத் தேடி ஓடினாள். பாவம், அங்கியோடு அவர் குழம்பு ஊற்றினார்.

மூன்றாம் பந்தி உட்காரும்போது சேலை பறக்க வந்தாள். "அத்தை, எண்பத்துமூணு! எண்பத்துமூணு வந்துட்டு!"

மாமியார் எலிசபெத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தொண்ணூத்தொண்ணு வச்சிருந்தவ எட்டைக் குறைச்சுட்டு வந்து இந்தக் குதி குதிக்கியே, ஏட்டி!"

"குறைஞ்சதுதான் அத்தை சரி!" என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

அங்கேயே பேராசிரியருக்குப் போன் போட்டாள். ஒவ்வொரு கால்வாய்க்கும் தனித்தனி வேகம் வைத்துப் போட்டதைச் சொன்னாள். அவர் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, "எழுதி அனுப்பும்மா, நாளைக்கே கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தவள், மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.