தண்டவாளத்தோரக் கன்றுகள்

திண்டுக்கல்லை நெருங்கும்போது வண்டி வெட்டவெளியில் நின்றுவிடுகிறது. எஞ்சினிலிருந்து பறந்த பொறி, தண்டவாளத்தோரம் காய்ந்து கிடக்கும் புல்லில் பற்றியிருக்கிறது. புல்லைத் தாண்டினால் ஒரு கல்லூரி வளாகம். மாணவர்கள் நட்ட வேப்பங்கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. அதற்குப் பின்னால் ஓலை வேய்ந்த விடுதி. காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது.

நாங்கள் சிலர் இறங்கி ஓடுகிறோம். ஆடு கடிக்காமலிருக்க ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் காய்ந்த முள் கட்டியிருக்கிறார்கள். தீ அந்த முள்ளில் தாவித் தாவி விடுதியை நோக்கிப் போகிறது. என் கால்கள் திரும்பி ஓடத்தான் பார்க்கின்றன.

ஈரச் சாக்கால் தீயை அடித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் என்னைப் பார்த்துச் சொல்கிறான்: "ஐயா, முள்ளப் பிடுங்கித் தூர எறிங்க. கன்னுகள ஆடு தின்னாலும் தின்னுட்டுப் போகட்டும். கூரையில பிடிச்சா அம்புட்டும் போச்சு."

கை கிழியப் பிடுங்குகிறோம். கடைசி இரண்டு வரிசைகளுக்கு முன்னால் தீ அடங்குகிறது. மற்றக் கன்றுகள் கருகிவிட்டன.

"குளிச்ச தண்ணியச் சுமந்து ஊத்தி வளத்தோம்," என்கிறான் அவன். சாணார்பட்டிக்காரனாம். உள்ளங்கை முள்ளை எடுத்துக்கொண்டே கேட்கிறான்: "இதுக்குப் பெறகு இன்னைக்கு வண்டி இருக்காய்யா?"

"இருக்குப்பா."

எஞ்சின் கூவுகிறது. ஓடி வந்து ஏறிக்கொள்கிறேன். வண்டி நகர்கிறது. அவன் சாக்கை மறுபடி நனைத்துக்கொண்டு வந்து, எஞ்சின் புகையையே பார்த்தபடி தண்டவாளத்தோரம் நிற்கிறான்.